சுருக்கிய படங்களின் மிச்சம்

வைகாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், நான் புதிதாக எழுதிய வடிகட்டி நிரல் உலகத்துக் கம்ப்யூட்டர்களுக்குள் போய்ச் சேர்ந்த மறுநாள், சிவகாசியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அம்மா வடகம் காயப்போட்டிருந்த வெள்ளை வேட்டியின் மேல் கலர் கலராக ரவை கொட்டிக் கிடந்தது. ரவை என்று சொல்வது அளவுக்காகத்தான், மற்றபடி அது ரவையும் இல்லை, மணலும் இல்லை, பட்டாசு மருந்தும் இல்லை, தொட்டால் கையில் ஒட்டவில்லை, நனைத்தால் கரையவில்லை, ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு கலராக இருந்தது. அம்மா பயப்படவில்லை. "எவளோ கோலப்பொடிய உதறியிருக்கா" என்று பக்கத்து மாடியைப் பார்த்து நாலு வார்த்தை திட்டிவிட்டு, முறத்தில் அள்ளிப் புடைத்து, வடகத்தைத் தனியாகவும் கலரைத் தனியாகவும் எடுத்து வைத்தாள்.

இது நான் வெட்கப்பட வேண்டிய கதை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் என் மேல் உங்களுக்கு மரியாதை வந்துவிடக் கூடாது.

என் பெயர் காளிராஜன். அச்சாபீஸில் மெஷின்மேனாக இருந்து செத்துப்போன பால்பாண்டியின் ஒரே மகன். பிழைப்புக்கு ஒரு கம்பெனி வேலை, வீட்டிலிருந்தே. அது போக இன்னொரு வேலை உண்டு, அதுதான் எனக்குப் பெருமை: உலகத்தில் பாதிப் பேர் வீடியோ பார்க்கவும் அனுப்பவும் உதவுகிற ஒரு பொது மென்பொருள் இருக்கிறது, அதற்கு முதலாளி கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் நிரல் எழுதிக் கொடுக்கலாம், ஆனால் வீட்டுக்கு வீடு வாசற்படி மாதிரி அதன் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு காவல்காரன் உண்டு. படத்தைச் சுருக்கி விரிக்கிற பகுதிக்கு நான் காவல்காரன். யார் எழுதி அனுப்பினாலும் நான் படித்து, சரி என்று பட்டனை அமுக்கினால்தான் உள்ளே போகும்.

பெரிய படத்தைச் சின்னதாக்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. சினிமாத் திரை அளவுக்கு எடுத்ததை உள்ளங்கை அளவு போனில் காட்ட வேண்டுமானால், பதினாறு புள்ளி இருந்த இடத்தில் ஒரு புள்ளிக்குத்தான் இடம். அந்தப் பதினாறையும் பிசைந்து ஒன்றாக்க வேண்டும், பிசைந்த பிறகும் மூக்கு மூக்காக இருக்க வேண்டும், முறைத்தவன் முறைத்தபடியும் சிரித்தவள் சிரித்தபடியும் இருக்க வேண்டும், அதை விநாடிக்கு முப்பது தடவை செய்ய வேண்டும். அதைச் செய்வதற்குத்தான் வடிகட்டி. பழைய வடிகட்டி இருபது வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதியது. பிறகு வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு அறை கட்டி, ஆளுக்கொரு ஜன்னல் உடைத்து, எந்தச் சுவரைத் தட்டினால் எது விழும் என்று யாருக்கும் தெரியாத வீடாக ஆக்கி வைத்திருந்தார்கள். நான் அதை அடியோடு இடித்துவிட்டு ஒன்றரை வருஷம் உட்கார்ந்து புதிதாகக் கட்டினேன். இரண்டு மடங்கு வேகம், அரை மடங்கு நீளம். ஜெர்மனியிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் முன்பின் தெரியாதவர்கள் பாராட்டி எழுதினார்கள். அந்த மடல்களை நான் சாப்பிடும்போதுகூடப் படித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமையும் கொட்டியது. வியாழக்கிழமையும் கொட்டியது. எங்கள் மாடியில் மட்டும், விடிந்து ஒரு மணி நேரத்துக்குள், சத்தம் இல்லாமல், ஒரு மரக்கால் அளவுக்கு. பக்கத்து வீட்டுக்காரி தன் மேல் விழுந்த பழியைத் துடைக்க அச்சகத் தொழிலாளர் சங்கத் தலைவர் வெயிலுகந்தானைக் கையோடு கூட்டிவந்தாள். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புள்ளி புதிதல்ல. நாங்கள் அச்சடிக்கிற முருகனும் லட்சுமியும் நெருங்கிப் பார்த்தால் வெறும் புள்ளிதான், அதைப் பார்க்க மெஷின்மேன் ஒவ்வொருவரும் சட்டைப்பையில் ஒரு லென்ஸ் வைத்திருப்பார். வெயிலுகந்தான் ஒரு மணியை நகக்கண்ணில் வைத்து லென்ஸ் வழியாக வெகுநேரம் பார்த்தார்.

"இது நம்ம புள்ளி இல்ல. நம்ம புள்ளி உருண்டையா இருக்கும். இது சதுரம். வீடியோப் படத்துல இருந்து உதிந்தது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, நீ கம்ப்யூட்டர்ல என்ன வேலை பாக்க?" என்று கேட்டார்.

"படத்தைச் சுருக்குறேன் அண்ணாச்சி."

"அப்புறம் என்ன, துணியக் கத்தரிச்சா பிசிறு விழத்தான செய்யும். உலகம் பூராச் சுருக்கினா இம்புட்டாவது மிச்சம் விழாதா?"

அவ்வளவுதான். காரணம் பற்றிய விசாரணை அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் ஏன் கொட்டுகிறது என்று கேட்கவில்லை, எத்தனை மணிக்குக் கொட்டும் என்றுதான் கேட்டார்கள். 'மிச்சம்' என்ற வார்த்தை என் வயிற்றில் எங்கே போய்க் குத்தியது என்பது எனக்கு மட்டும் தெரியும், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் வாரம் துப்புரவு மேற்பார்வையாளர் வந்து, இது மட்கும் குப்பையா மட்காத குப்பையா என்று முடிவு செய்யாமல் வண்டியில் ஏற்ற முடியாது என்று சொல்லி, தன் வீட்டுக்கு ஒரு பை எடுத்துப் போனார். இரண்டாம் வாரம் பெண்கள் சல்லடையோடு வந்தார்கள். வான நீலம் ஒரு டப்பா, இலைப் பச்சை ஒரு டப்பா, ஏதோ தேசத்துப் பனி வெள்ளை ஒரு டப்பா என்று பிரித்தார்கள். எல்லாவற்றையும்விட அதிகமாக இருந்தது மனிதத் தோலின் நிறம், அதிலும் மாநிறமும் கறுப்பும்தான் அதிகம், அதை மட்டும் நாற்பது வகையாகப் பிரித்து, இது நம் சித்தி நிறம், இது அந்த வாத்தியார் நிறம் என்று பெயர் வைத்தார்கள். வாசலில் கோலமிட்டார்கள், அந்தக் கோலங்களை மிதிக்கும்போது யாரோ சிரிக்கிற மாதிரி இருக்கிறது என்று தபால்காரர் சுற்றிக்கொண்டு போனார். ஒரு பட்டாசுக்காரர் ஒரு படி வாங்கிப் பூச்சட்டியில் அடைத்துக் கொளுத்திப் பார்த்தார். தீப்பொறி மேலே போய் ஆளுயரத்துக்கு ஒரு கிரிக்கெட் ஆட்டம் தெரிந்து அணைந்தது, யார் ஜெயித்தார்கள் என்று தெரியாமல் போனதில் தெருவுக்கே வருத்தம். அச்சாபீஸ்காரர்கள் மையில் கலந்து காலண்டர் அடித்தார்கள். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியானபோது, அதில் பத்திரகாளியின் முகத்தைப் பார்த்த ஒவ்வொருவரும் இந்த அம்மாவை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று நின்றார்கள்.

காலையில் எங்கள் மாடிப்படியில் வரிசை நிற்க ஆரம்பித்தது. அம்மா ஒரு டம்ளரோடு மேல்படியில் உட்கார்ந்து ஆளுக்கு ஒன்று என்று அளந்து ஊற்றினாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு மட்டும் முக்கால் டம்ளர்.

அந்த வரிசையில் தினமும் முதலாவதாக நின்றவள் எதிர்வீட்டுச் சீனியம்மாள். அவள் மகன் மதியழகன் சவூதியில் கட்டட வேலை பார்க்கிறான், வெள்ளிக்கிழமை மத்தியானம் வீடியோவில் பேசுவான். அவள் மற்றக் கலர்களைத் தொட மாட்டாள், கறுப்பை மட்டும் பொறுக்குவாள்.

"அவன் மூஞ்சி முன்ன மாதிரி தெளிவா இல்லய்யா" என்று என்னிடம் சொன்னாள். "வெளிய வெயில்ல நின்னா தெரியுது. அறைக்குள்ள வந்தா மூக்கு, வாய், கண்ணு எல்லாம் ஒண்ணாப் போயி இருட்டா இருக்கு. வைகாசில இருந்து இப்படித்தான். அவன் மூஞ்சில உதிந்ததுதான இங்க கிடக்கு? அதான் சேத்து வைக்கேன். வந்தா அவன்ட்ட குடுத்துருவேன்."

அவள் ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் மகனைச் சேர்த்து வைத்திருந்தாள். நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கேமரா சரியில்லாம இருக்கும் பெரியம்மா" என்று சொன்னேன். நைரோபியிலிருந்து எழுதியவருக்கும் கல்கத்தாவிலிருந்து எழுதியவளுக்கும் அதே பதிலைத்தான் எழுதியிருந்தேன், கறுத்த முகங்கள் நிழலில் அழிந்துபோகின்றன என்று அவர்கள் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள், உங்கள் கேமராவைச் சரிபாருங்கள் என்று நான் எழுதினேன். குறை கேமராவில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இனி அந்தக் குத்தல். இரண்டு வருஷத்துக்கு முன்னால், நான் பழைய வடிகட்டியை எப்படி மாற்றுவது என்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த நாட்களில், எம். பேச்சி என்ற பெயரில் ஒருவர் நிரல் எழுதி அனுப்பினார். ஆணா பெண்ணா தெரியாது. பிசைகிற வேலையைத் தலைகீழாகப் போட்டிருந்தார். இவ்வளவு நாளும் நாங்கள் எல்லோரும் முதலில் சுருக்கிப் பிறகு திருத்திக்கொண்டிருந்தோம், இவர் முதலில் ஒவ்வொரு புள்ளியும் தன் பங்கைப் பக்கத்துப் புள்ளியிடம் ஒப்படைக்கும்படி வைத்து, பிறகு சுருக்கினார். படித்ததும் இன்னொரு தடவை படித்தேன். இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். கடைசியில், சுருக்கும்போது மீந்ததை இருட்டான புள்ளிகளில் சேர்க்கிற ஒரு சின்னத் துண்டு, நாலே வரி, அதன் மேல் விளக்கமாக ஆங்கில எழுத்தில் தமிழில் ஒரு வாக்கியம்: மிச்சத்தை அடுத்த கறுப்புல கலந்துரு.

உலகத்தில் அந்த வாக்கியத்தைச் சொல்கிறவர்கள் எங்கள் ஊரில் மட்டும்தான் இருக்கிறார்கள். அச்சாபீஸில் ஒரு வேலை முடிந்ததும் தொட்டியில் மீந்த சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாவற்றையும் சுரண்டி ஒரு டப்பாவில் போட்டு, அடுத்த வேலையின் கறுப்பு மையில் கலந்துவிடுவார்கள். அப்படிக் கலந்த கறுப்புக்கு ஒரு ஆழம் வரும், வெறும் கறுப்புக்கு வராது. என் அப்பா தினம் பத்துத் தடவை சொன்ன வாக்கியம் அது. ஆக, எழுதியது எங்கள் ஊர் ஆள் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். அதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஜெர்மன்காரனும் பிரேசில்காரனும் படிக்கிற பொது இடத்தில், நகத்தில் மை அப்பிய என் அப்பாவே வந்து நின்றுவிட்ட மாதிரிக் கூச்சம் வந்தது. அந்தக் கூச்சத்தோடு எல்லோரும் பார்க்க ஒரு பதில் எழுதினேன். என்ன எழுதினேன் என்பதையும் பிறகு சொல்கிறேன், அதைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

எம். பேச்சி அதற்குப் பிறகு எழுதவில்லை. ஆறு மாதம் கழித்து நான் அதே யோசனையை எடுத்து வடிகட்டியைக் கட்டினேன். பெயர்களை மாற்றினேன், வரிசையை மாற்றினேன், வேகத்தைக் கூட்டினேன். அந்த நாலு வரியை மட்டும் தூக்கிவிட்டேன். தேவையில்லை என்று தூக்கவில்லை. அது இருந்தால் இது என்னுடையது இல்லை என்று தெரிந்துவிடும், அதற்காகத் தூக்கினேன். திருடினவன் பாத்திரத்தில் பெயர் வெட்டியிருக்கிற இடத்தை மட்டும் அரத்தால் தேய்க்கிற மாதிரி. தேய்த்த இடத்தில்தான் ஓட்டை விழுந்தது, அந்த ஓட்டை வழியாகத்தான் எங்கள் மாடியில் கொட்டிக்கொண்டிருந்தது.

உடனே திருப்பிப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். போட்டுப் பார்த்தேன். நான் எல்லாவற்றையும் உருமாற்றி வைத்திருந்ததில் அந்த நாலு வரி எங்கே பொருந்தும் என்று எனக்கே தெரியவில்லை. எங்கே வைத்தாலும் படம் சேறானது. எழுதினவரைக் கேட்கலாம். கேட்டால் எழுதினவர் என்று ஒருவர் உண்டு என்றாகிவிடும்.

ஆவணி மாதம் சங்கத்தார் எனக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். கல்யாண மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. வாசலில் என் படம் போட்ட ஃபிளெக்ஸ். வெயிலுகந்தான் எனக்குப் பொன்னாடை போர்த்தினார், ஒரு அச்சுத்தொழிலாளி மகன் வீட்டு மாடியில் உலகமே வந்து கொட்டுகிறது என்று பேசினார், அம்மா முன்வரிசையில் அழுதாள். எல்லாம் முடியப்போகும் நேரத்தில் அவர் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்:

"இன்னொரு சந்தோசம். எங்க பிரஸ்ல கம்ப்யூட்டர்ல பிளேட் போடுற முத்துப்பேச்சியும் இதே மென்பொருளுக்கு எழுதிக் குடுத்திருக்கு. ரெண்டு வருசம் முந்தி. ஏத்துக்கிட்டோம்னு அங்க இருந்து கடுதாசி வந்துச்சு, நாங்க பதினோரு பேரும் சாத்தூர் காராச்சேவு தின்னோம். வெளிய சொன்னா ஒரு பய நம்ப மாட்டேங்கான். தம்பி, அந்தப் பிள்ளை பேரு அதுல எந்த இடத்துல இருக்குன்னு நீயே சொல்லிரு."

முத்துப்பேச்சி. எம். பேச்சி. பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில் முப்பது வயதுக்காரி ஒருத்தி, நீலச் சேலை, கண்ணாடி போட்டவள், என்னைப் பார்த்துச் சின்னதாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்கிற ஆட்டல்.  ஏற்றுக்கொண்டோம் என்று நான் எந்தக் கடுதாசியும் எழுதவில்லையே என்று ஒரு கணம் குழம்பினேன். குழப்பம் நீங்குவதற்குள் மைக் என் வாய்க்கு வந்துவிட்டது. இருநூறு பேர் பார்க்கிறார்கள். தோளில் பொன்னாடை. அவளே வேண்டாம் என்கிறாள், அப்புறம் நமக்கென்ன என்று என் மனசு எனக்குச் சாதகமாகக் கணக்குப் போட்டது.

"அப்படி ஒரு பேர் இருக்கிற மாதிரி எனக்கு ஞாபகம் இல்லை அண்ணாச்சி" என்றேன்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வெயிலுகந்தான் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு, சாப்பாடு தயாராக இருக்கிறது என்று சொன்னார். அன்றைக்கு நான் மூன்று வகைப் பாயசம் சாப்பிட்டேன். எது இனித்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

புதன்கிழமை அம்மா டம்ளர் வரிசையில் கேட்டுவந்து சொன்னாள், முத்துப்பேச்சிக்குக் காராச்சேவு என்றே பேர் வைத்துவிட்டார்களாம், அச்சாபீஸ் வாசலில் நின்று ஆள் ஆளுக்குக் கூப்பிடுகிறார்களாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஏன்டா காளி, சும்மா ஒரு பிள்ளை அப்படியா பொய் சொல்லும்?" என்று கேட்டாள். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி இருந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் சீனியம்மாள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். திரையில் ஒரு அறை, ஒரு கட்டில், கட்டிலின் மேல் சட்டை போட்ட ஓர் இருட்டு, அந்த இருட்டுக்குள்ளிருந்து "எம்மா, தெரியுதா? எம்மா, நான் தெரியுறனா?" என்று குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. "தெரியுதுய்யா, நல்லாத் தெரியுது" என்று அவள் பொய் சொன்னாள்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, டீ நேரத்தில், நான் என் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு அந்த அச்சாபீஸுக்குப் போனேன். மெஷினை நிறுத்தியிருந்தார்கள். பதினோரு பேரும் காகிதக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், முத்துப்பேச்சி மட்டும் பிளேட் அறை வாசலில் நின்று குடித்தாள். என்னைப் பார்த்ததும் வெயிலுகந்தான் எழுந்தார், உட்கார இடம் போட்டார். நான் உட்காரவில்லை.

வழியெல்லாம் மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் சொன்னேன். "அண்ணாச்சி, இவங்க எழுதி அனுப்பினது நிஜம். நான்தான் வேண்டாம்னு திருப்பி அனுப்பினேன். அப்புறம் இவங்களுக்குத் தெரியாம அதையே எடுத்து என் பேர்ல போட்டுக்கிட்டேன். அந்த வடிகட்டி இவங்களோடது. மேடையில நான் சொன்னது பொய்."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் வெயிலுகந்தான் என்னைப் பார்க்கவில்லை. அவர் மெதுவாகப் பிளேட் அறைப் பக்கம் திரும்பினார்.

"திருப்பி அனுப்பிட்டாகளா? அப்போ அன்னைக்கு ஏத்துக்கிட்டாகன்னு சொன்னியே தாயி? காராச்சேவெல்லாம் குடுத்தியே?"

அவள் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மண்டபத்தில் அவள் எதற்குத் தலையை ஆட்டினாள் என்று. என் கையைக் கழுவிக்கொள்ள வந்து, அழுக்குத் தண்ணீரை அவள் மேல் ஊற்றிவிட்டேன்.

"கடுதாசி வரும்னு காலையிலயே காராச்சேவு வாங்கிட்டேன் அண்ணாச்சி" என்றாள் அவள்.  "வந்ததும் எல்லாரும் சுத்தி நின்னுக்கிட்டு, தமிழ்ல சொல்லு, தமிழ்ல சொல்லுன்னீங்க. அதைச் சொல்ல எனக்கு வாய் வரல. அதான் ஏத்துக்கிட்டாகன்னு சொல்லிட்டேன்."

 அவள் கிளாஸை ஜன்னலில் வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "இப்ப நீங்க வாசிங்க அண்ணாச்சி. நீங்க எழுதினதுதான. தமிழ்லயே வாசிங்க. நான் ஏன் பொய் சொன்னேன்னு இவுகளுக்குத் தெரியட்டும்."

நான் கம்ப்யூட்டரைத் திறந்து அந்த மடலைத் தேடி எடுத்தேன். பொது மடல்களை யாராலும் அழிக்க முடியாது, எழுதினவனாலும் முடியாது. ஆங்கிலத்தில் அது ஐந்து வரி. எழுதும்போது ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. தமிழில் ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று வாசித்தேன்.

"இது குப்பை. வண்ணம் என்றால் என்னவென்றே தெரியாத ஒருவர் எழுதியது. கடைசி நாலு வரி நிரலா, சமையல் குறிப்பா என்று எனக்குப் புரியவில்லை. முதலில் எங்காவது போய் அடிப்படையைக் கற்றுக்கொள்ளுங்கள். அதுவரை தயவுசெய்து பெரியவர்களின் நேரத்தை வீணாக்காதீர்கள்."

நான் தலையைத் தூக்கவில்லை. காகிதக் கட்டின் மேலிருந்து ஒருவர், வயதான மெஷின்மேன், எனக்கு அவர் பெயர்கூடத் தெரியாது, நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "வண்ணம்னா என்னன்னு தெரியாதா? யாருக்கு? இந்தப் பிள்ளைக்கா? பன்னெண்டு வருசமா கண்ணாலயே பாத்து, இதுல மஞ்சள் ஒரு பொட்டுக் கூடன்னு சொல்லுற பிள்ளைக்கா?"

என்னைத் திட்டியிருக்கலாம். பொன்னாடை போர்த்தின கையாலேயே வெயிலுகந்தான் ஒரு அறை விட்டிருக்கலாம். அவர்கள் திட்டவில்லை. என் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் மூன்று பேர் அங்கே இருந்தார்கள், அவர்கள் என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், பால்பாண்டிக்காக அவர்கள் வெட்கப்பட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. அழுதால் இவர்கள் இரங்கிவிடுவார்கள் என்று தெரிந்ததால் அடக்கிக்கொண்டேன், அன்றைக்கு நான் செய்த ஒரே மரியாதையான காரியம் அது.

முத்துப்பேச்சி என் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போய்ப் பிளேட் மேஜையில் வைத்து உட்கார்ந்தாள். நான் ஒன்றரை வருஷம் கட்டின வீட்டுக்குள் அவள் தன் வீட்டுக்குள் போகிற மாதிரி நேராகப் போனாள். எந்த இடத்தில் என்ன பெயரை மாற்றியிருக்கிறேன் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாலு வரியையும், அதன் மேல் அந்தத் தமிழ் வாக்கியத்தையும் திரும்ப எழுதினாள், மூன்று மாதமாக நான் தேடிக் கிடைக்காத இடத்தில் வைத்தாள். எழுதியவர் என்ற கட்டத்தில் முத்துப்பேச்சி என்று முழுப்பெயர் போட்டாள். பிறகு நிறுத்தினாள்.

"மாத்துனதுக்குக் காரணம் எழுதச் சொல்லுது."

"ஆமா. அது எப்பவுமே எழுதணும்."

அவள் என் மடலின் ஐந்து வரியையும் அப்படியே எடுத்து, என் பெயரோடும் தேதியோடும், அந்தக் காரணம் என்ற கட்டத்தில் ஒட்டினாள். அதன் கீழே அவளாக ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.

"சரிதான அண்ணாச்சி? காரணம் இதான?"

"சரிதான்."

"அப்போ நீங்க அமுக்கினாத்தான உள்ள போகும்?" என்று நாற்காலியை விட்டு எழுந்துகொண்டாள்.

பதினோரு பேரும் சுற்றி நின்றார்கள். உள்ளே போய்விட்டால் அந்த மென்பொருள் உள்ள கம்ப்யூட்டர் இருக்கிற வரைக்கும் அந்தக் காரணமும் கூடவே இருக்கும், ஜெர்மன்காரன் படிப்பான், பிரேசில்காரன் படிப்பான், நாளைக்கு எனக்கு வேலை கொடுக்கப்போகிறவன் படிப்பான். நான் தயங்கினேன். இவ்வளவும் வாசித்த பிறகும், இவ்வளவு பேர் முன்னாலும், காரணத்தை மட்டும் கொஞ்சம் சுருக்கமாக எழுதலாமே என்று கேட்க வாய் திறந்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடிக்கொண்டு அமுக்கினேன். வெயிலுகந்தான் போய் மெஷினைப் போட்டார்.

அது உலகம் சுற்றி வர மூன்று நாள் ஆனது. நாலாம் நாள் மாடியில் ஒரு மணி இல்லை. வரிசையில் நின்றவர்கள் காலி டம்ளரோடு அம்மாவையும் என்னையும் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போனார்கள். முத்துப்பேச்சியைக் காராச்சேவு என்று கூப்பிடுவதை அச்சாபீஸ் வாசலில் நிறுத்திவிட்டார்கள், எனக்கு வேறு பெயர் வைத்தார்கள், அதை அம்மா என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறாள். வெள்ளிக்கிழமை சீனியம்மாள் மகனின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவன் இவ்வளவு மெலிந்திருக்கிறான் என்று தெரிந்து அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

வடிகட்டிக்கு இப்போது முத்துப்பேச்சிதான் காவல்காரி. அங்கே புதிதாக வருகிறவர்கள் முதலில் வந்து பார்ப்பது அந்த நாலு வரியைத்தான், அவ்வளவு அழகு. பிறகு அதற்கான காரணத்தைத் திறந்து பார்க்கிறார்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது, முன்பின் தெரியாதவர்கள், மிகவும் மரியாதையாக எனக்கு மடல் எழுதிக் கேட்கிறார்கள்: ஐயா, மன்னிக்கவும், இதே பெயரில் வேறு யாராவது இருக்கிறார்களா, இல்லை இதை எழுதியது நீங்கள்தானா? நான் பதில் போடாமல் விட்டது கிடையாது. நான்தான் என்று எழுதுகிறேன். அந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு இன்னமும் கால் மணி நேரம் பிடிக்கிறது.